மூத்தாள் படையலும் என் உருளைக்கிழங்கு வாளிகளும்

1

வருடத்துக்கு ஒரு முறை, நான் இந்த நாட்டில் இன்னும் இருக்கலாமா என்று கேட்டுவரப் போவேன். என் வீட்டுக்காரர் சிலாங்கூரிலேயே பிறந்தவர். அவருக்குக் குடிமக்களுக்குக் கொடுக்கிற நீல அடையாள அட்டை. நான் கொடைக்கானல் மேல்மலையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். எனக்குப் பாஸ்போர்ட்டில் குத்துகிற முத்திரைதான் எல்லாம். ரவாங்கிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், குடிநுழைவு அலுவலகத்தில் வரிசையில் நின்று, புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று திரும்பி வந்து, எதிர்க்கடையில் மறுபடி படம் எடுத்துக்கொண்டு, மறுபடி வரிசையில் நிற்பேன். ஊரில் இதைப் படிக்கிற நீங்கள் வெளிநாடு என்றால் விமானமும் வாசனைச் சோப்பும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதெல்லாம் இருக்கிறதுதான். ஆனால் வரிசைதான் அதிகம்.

போன ஜூன் மாதம் அப்படிப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய்க்கார அம்மாள் எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். என் மலாய் மீன்காரரிடம் பேரம் பேசுகிற அளவுக்குத்தான். ஆனாலும் ‘அனாக்’ என்றால் பிள்ளை என்று தெரியும். ஒரு விரலைக் காட்டி ‘சத்து’ என்றேன். அவர் பிறப்புப் பத்திரம் கேட்க, என் வீட்டுக்காரர் மாலதியின் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் தாயின் பெயர் இருந்த இடத்தையும் என் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரொம்பப் பணிவாக, இது உங்கள் பிள்ளை இல்லையே என்றார்.

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கத்தியிருந்தால்கூட நான் பதிலுக்கு முறைத்திருப்பேன். பணிவாகச் சொன்னதால் வாயை மூடிக்கொண்டு முத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் என் வீட்டுக்காரர் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்து, அதுக்கென்ன, விடு என்றார். எனக்கு விடத் தெரியாது. பிறவியிலேயே நான் பொறாமைக்காரி. அதை மறைத்து இங்கே நல்ல பிள்ளையாக எழுதப் போவதில்லை.

2

மாலதி என் வீட்டுக்காரருடைய முதல் மனைவி தேவகி பெற்ற மகள். பிள்ளைக்கு மூன்று வயதாக இருந்தபோது தேவகி காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு மூன்று வருடம் மாலதியை வளர்த்தது தேவகியின் தங்கை சரசு. கெர்லிங் பக்கம் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், சரசு இருக்கிறாள். காலையில் பால்மரத்தில் ரப்பர்ப் பால் வெட்டப் போவாள், அவள் புருசன் லோரி ஓட்டுகிறவர், பிள்ளை கிடையாது. மாலதிக்கு ஆறு வயதானபோது என் வீட்டுக்காரர் ரவாங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்து, புது வீட்டு வரிசையில் ஒரு வீடும் பிடித்து, எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் மூலமாக என்னைக் கட்டிக்கொண்டு வந்தார். அப்போது நான் முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தேன். இப்போது மாலதிக்கு ஒன்பது.

இந்த மூன்று வருடத்தில் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மரியாதைக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. நீங்க, வாங்க, இருங்க எல்லாம் சரியாக வரும். கூப்பிடுவதுதான் கிடையாது. நான் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தால், முன்வாசலிலிருந்து நடந்து வந்து, என் எதிரே நின்று, நான் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் பேச ஆரம்பிப்பாள். ஒரு சொல்லை மிச்சம் பிடிக்க இந்தப் பிள்ளை எவ்வளவு நடக்கிறது என்று எனக்கு வயிறு எரியும்.

சரசுவைக் கூப்பிடும்போது மட்டும் சின்னம்மா என்று வாய் நிறைய வரும். கெர்லிங் போய்ப் பஸ் நின்றதுமே ஆரம்பித்துவிடும். சரசு கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதி. அவள் மெதுவாகப் பேசுகிறவள். யாரைப் பற்றியும் ஒரு சொல் தாழ்த்திச் சொல்லமாட்டாள். என்னை அக்கா என்பாள். இரண்டாவதாக வந்தவள் மூத்தவளின் இடத்துக்கு வந்தவள் என்பது இவர்கள் வழக்கம். அவள் அக்கா என்று அழைக்கும்போதெல்லாம், அது எனக்கு இல்லை, என் முகத்துக்குப் பின்னால் இருக்கிற வேறொருத்திக்கு என்று எனக்குத் தோன்றும்.

3

ஜூலையில் ஒரு நாள் சமையலுக்கு எடுத்த உருளைக்கிழங்கு ஒன்றில் முளை விட்டிருந்தது. எறியப் போனேன். மாலதி பக்கத்தில் நின்று, இது ஏன் இப்படி இருக்கு என்று கேட்டாள். இங்கே பிள்ளைகள் அதைக் கெந்தாங் என்பார்கள். கிழங்கு வெளிநாட்டிலிருந்து கப்பலில் மூட்டையாக வந்து கடையில் இறங்குகிறது. அது எங்கே காய்க்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

“உங்க ஊர்ல கெந்தாங் மரம் இருக்கா?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு, அது மரத்தில் காய்ப்பதில்லை, மண்ணுக்குள் இருக்கும், எங்கள் வீட்டில் அதுதான் வேலை என்றேன். மேல்மலையில் மலைச் சரிவைப் படிப்படியாக வெட்டி வைத்திருப்பதை, குதிரை முதுகில் மூட்டை இறங்கி வருவதை, மண்ணுக்குள் கையை விட்டுத் துழாவினால் கிழங்கு விரலில் தட்டுப்படுவதை எல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டே வெங்காயம் உரித்தேன். பாதியில் அவள் தரையில் உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் என் முழங்காலில் சாய்ந்துகொண்டாள். வெங்காயம் முடிந்த பிறகும் நான் எழுந்திருக்காமல், சொல்ல எதுவும் இல்லாமல் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

“இத நட்டா இங்க வருமா?”

வரும் என்றேன். மேல்மலைக்காரிக்குக் கிழங்கு வராமல் யாருக்கு வரும்? நானே சொல்லித் தருகிறேன், நீயே கையால் எடுக்கலாம் என்றும் சொன்னேன்.

எங்கள் வீட்டு வாசல் முழுக்கச் சிமெண்டு. மண் வேண்டுமென்றால் வாளியில்தான். சாமான் கடையில் போய்ப் பழைய பெயிண்ட் பக்கெட் கேட்டேன். கடைக்காரச் சீனர் ஆணிப் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். மலாயில் ‘பாக்கு’ என்றால் ஆணியாம். வாளி என்று கேட்டிருந்தால் அவருக்குத் தமிழே புரிந்திருக்கும். ஓட்டை போட ஆணியும் தேவைதான் என்று இரண்டையும் வாங்கி வந்தேன். ரயில் பாதைக்குப் பின்னால் மாடு வைத்திருக்கிற தமிழரிடம் சாணம் எடுத்தோம். கடையில் பொறுக்கி எடுத்த கிழங்குகளைக் கூடையில் போட்டுச் சாக்கால் மூடிக் கட்டிலுக்கு அடியில் வைத்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் மாலதி கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். முளை தடித்து, அடியில் ஊதா நிறம் ஏறியதும் என்னைத் தேடிப் பின்கட்டுக்கு ஓடி வந்து எதிரே நின்றாள். அப்போதும் கூப்பிடவில்லை. ஓடி வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

4

இங்கே நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். மேல்மலையில் பிறந்தவர்கள் மட்டும்தான் இதைச் செய்ய முடியும்.

நமக்குக் கிழங்கின் எதிரி யார்? உறைபனி. மார்கழியில் விடிவதற்கு முன்னால் அப்பா எங்களை எழுப்பிவிடுவார். ஈரச் சருகைக் கொளுத்திக் காட்டின் ஓரமெல்லாம் புகை போடுவோம். இல்லையென்றால் வெயில் வரும்போது இலையெல்லாம் வெந்த மாதிரிக் கறுத்துத் தொங்கும். கை விறைத்து, நகக்கண்ணில் மண் ஏறி, அந்தக் கையாலேயே சோறு தின்று வளர்ந்தவள் நான். அந்த வேலையை நான் ஒரு நாளும் விரும்பியதில்லை; இன்றைக்குக் கூப்பிட்டாலும் போகமாட்டேன். ஆனால் செடியைச் சூடாக வைத்திரு என்பது மட்டும் எலும்பில் இறங்கிவிட்டது. எந்தப் பாத்தியில் வெயில் முதலில் விழுகிறதோ அதுதான் எங்களுக்கு நல்ல பாத்தி.

ஆகவே ரவாங்கில் நான் என்ன செய்தேன்? வாசலில் எந்த இடத்தில் வெயில் முழுக்க விழுமோ அங்கே, கொதிக்கிற சிமெண்டின் மேல், இரண்டு தகர வாளியையும் கொண்டு போய் வைத்தேன். சாயங்காலம் வாளியைத் தொட்டால் கை சுடும். எனக்கு அது திருப்தியாக இருந்தது. நல்ல சூடு, நல்ல சாணம், என் பிள்ளைகள் குளிரில் சாகாது.

செடி என்னமாய் வளர்ந்தது என்கிறீர்கள்! தண்டு விரல் தடிமன், இலை கரும்பச்சை. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்துக் கிழவர் வேலியைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் மாலதிக்கு மண் அணைக்கக் கற்றுக்கொடுத்தேன். தண்டைச் சுற்றி இரண்டு கையாலும் மண்ணைக் கூட்டி, மெதுவாக அழுத்தி, மறுபடி கூட்டி. அவள் கை மேல் என் கையை வைத்து. அந்த நாட்களில் நான் யாரையும் பார்த்துப் பொறாமைப்பட்டதாக ஞாபகம் இல்லை.

5

நட்ட கொஞ்ச நாளில் ஆகஸ்ட் விடுமுறை வந்தது. விடுமுறை என்றால் மாலதி கெர்லிங் போய்விடுவாள்; நான் வந்த நாளிலிருந்தே வழக்கம். செரண்டா, பத்தாங் காலி, கோல குபு பாரு என்று பஸ் நின்று நின்று போகும் அந்தப் பாதையை எனக்குப் பிடிக்காது. போகும்போது அவள் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். வரும்போது தூங்கிவிடுவாள்.

திரும்பி வந்தவள் எப்போதும் போல வேறு ஆளாக இருந்தாள். தலை நிறைய எண்ணெய், நான் பின்னுகிற மாதிரி இல்லாமல் உச்சியிலிருந்து இறுக்கிய பின்னல், சரசுவின் பவுடர் வாசனை. நான் குழம்பு என்றால் அவள் சாறு என்றாள், ஏனென்றால் சின்னம்மா அப்படித்தான் சொல்வார்களாம். அந்தப் பின்னலை அவிழ்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் எனக்கு வீட்டில் வேறு யாரோ இருக்கிற மாதிரி இருந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். என் கூடையிலிருந்து முளைவிட்ட கிழங்கு இரண்டைப் பையில் போட்டு எடுத்துப் போனாளாம். சின்னம்மாவிடம் கொடுத்தாளாம். சின்னம்மா ஓட்டையாகி ஒதுக்கிப் போட்டிருந்த இரண்டு ரப்பர்ப் பால் வாளியில் நட்டுவிட்டார்களாம்.

என் கூடை. என் கட்டிலுக்கு அடியில் வைத்தது. நான் தேர்ந்தெடுத்த கிழங்கு. சோற்றை மென்றுகொண்டே, நல்லது, சின்னம்மா வாளியை வெயிலில் வைத்தார்களா என்று கேட்டேன். இல்லை, லயத்து வாசலில் இடம் இல்லை, ரம்புத்தான் மரத்துக்கு அடியில் வைத்திருக்கிறார்கள் என்றாள். நிழலில் கிழங்கு எங்கே விளையும்? எனக்கு ஒரே நிம்மதி. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

6

நவம்பரில் தேவகியின் திதி வந்தது. மூத்தாளுக்குப் படையல் போடுவது நம் ஊரிலும் உண்டு. இங்கே அதை ரொம்பக் கறாராகச் செய்கிறார்கள். செத்துப்போன மூத்த மனைவிக்குப் புதுச் சேலை எடுத்து, முந்தானையில் மஞ்சள் தடவி, படத்துக்கு முன்னால் வைத்து, அவளுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் போடுவார்கள். கற்பூரம் காட்டின பிறகு அந்தச் சேலையை இரண்டாவது மனைவி உடுத்திக்கொண்டு, அந்த இலையில் முதலில் சாப்பிட வேண்டும். மூத்தாள் மனம் குளிர்ந்து இளையவளுக்கு வழிவிடுவாளாம். நான்கு தடவை செய்துவிட்டேன். அவள் குளிர்ந்தாளோ என்னவோ, எனக்குக் குளிர்ந்ததில்லை.

நாங்கள் கெர்லிங் போய்ச் சேர்ந்தபோது மாலதி முந்தின நாளே அங்கே வந்திருந்தாள். வருடக் கடைசி விடுமுறை ஆரம்பித்துவிட்டது; இங்கே புது வகுப்பு ஜனவரியில்தான். லயத்துக் கூடத்தில் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். வாசலில் கூட்டமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். ரம்புத்தான் மரத்தடியில் பால் வாளி கவிழ்ந்து கிடந்தது. மண்ணைக் கிளறிக்கொண்டு மாலதி குந்தியிருந்தாள். முழங்கை வரைக்கும் மண். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொன்று எடுக்கும்போதும் சிரித்தார்கள்.

கிழங்கு இருந்தது. பெரிதாக இல்லை, பிள்ளைகள் விளையாடுகிற கோலிக்குண்டு அளவு, ஒன்றிரண்டு எலுமிச்சை அளவு. எல்லாம் சேர்ந்து இரண்டு கை கொள்ளும். ஆனால் கிழங்குதான். மாலதி அதைச் சரசுவின் முந்தானையில் போட்டாள். சரசு என்னைப் பார்த்துவிட்டு முந்தானையோடு வேகமாக வந்தாள்.

“அக்கா, பாருங்க, உங்க வெதைதான். தேவகி அக்காவுக்கு கெழங்குப் பெரட்டல்னா உசிரு. படையலுக்கே வந்துருச்சு.”

அவள் கண் கலங்கியிருந்தது. அதில் ஒரு துளி பொய் இல்லை. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நல்லதாகத்தான் எதையோ சொல்லியிருப்பேன். என் கூடையில் முளைத்தது, என் பிள்ளை கையால் போய், அவள் வாளியில் விளைந்து, செத்துப்போன ஒருத்தியின் இலைக்கு வருகிறது. நான் அதற்குக் கற்பூரம் காட்ட வேண்டும்.

காட்டினேன். சேலையை உடுத்தினேன். இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். தேவகியே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று யாரோ ஒரு பெரியம்மா சொன்னார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். பிரட்டலில் ஒரு கிழங்கை எடுத்து வாயில் போட்டேன். தோலோடு வதக்கியிருந்தாள். ருசியாக இருந்தது. நன்றாக இல்லை என்று மனசுக்குள்ளேகூடச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

சாப்பாடு முடிந்து ஆட்கள் போன பிறகு, சரசு என் வீட்டுக்காரரிடம் வந்து உட்கார்ந்தாள்.

“மச்சான், புள்ள நாலாவதுக்கு எங்க பள்ளிக்கூடத்துலயே சேரட்டும். நான் பாத்துக்கறேன். அக்காவும் எத்தனை நாளைக்குத்தான் ஒண்டியா அல்லாடுவாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தேவகியின் சேலையில் இருந்தேன். அந்தச் சேலையை உடுத்திக்கொண்டு, கூடாது என்று எப்படிச் சொல்வது? அவர் ரொம்ப நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிள்ளையே சொல்லட்டும், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சொல்லட்டும் என்றார். அவருக்கு யார் மனதையும் நோகடிக்க வராது. அப்படிப்பட்ட ஆம்பிளையைக் கட்டிக்கொண்டவர்கள் என் கஷ்டத்தைப் புரிந்துகொள்வார்கள்.

7

மாலதியை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் திரும்பினோம். டிசம்பர் நடுவில் வந்து, இங்கேயா அங்கேயா என்று அவள் முடிவு சொல்ல வேண்டும் என்று பேச்சு.

மறுநாள் காலையில் நான் என் வாளிகளைக் கவிழ்த்தேன். அவள் கையால் எடுக்கட்டும் என்றுதான் அதுவரை தொடாமல் வைத்திருந்தேன். இனிமேல் என்ன? அந்த அழகான செடிகளுக்குக் கீழே வேர் இருந்தது, வேரைத் தவிர எதுவும் இல்லை. மண்ணை விரலால் சலித்தேன். மொச்சைக் கொட்டை அளவுக்குக்கூட ஒன்று கிடையாது. சாணத்தையும் வெயிலையும் தின்று இலையாக மட்டும் வளர்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் கிழவர் வேலியோரம் வந்து பார்த்தார். இந்த முறை கட்டைவிரலை உயர்த்தவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சிமெண்டில் உட்கார்ந்தபோது கீழே சுட்டது. அப்போதுதான் புரிந்தது. இந்த ஊரில் கிழங்கின் எதிரி பனி இல்லை, வெயில். சரசுவுக்கு இது தெரியாது. அவளுக்கு வாசலில் இடம் இல்லை, அவ்வளவுதான். எனக்கு இடம் இருந்தது. தெரிந்தவள் என்ற திமிரும் இருந்தது.

அழுதேனா என்று கேட்டால், ஆமாம், அழுதேன். கிழங்குக்காக இல்லை. அந்தப் பிள்ளை என் முழங்காலில் சாய்ந்தது என் பேச்சை நம்பி. அந்தப் பேச்சுக்கு என் வாளியில் ஒன்றும் விளையவில்லை. கெர்லிங்கில் விளைந்துவிட்டது. பிறகு அவள் இங்கே எதற்கு இருக்க வேண்டும்?

மறுபடி நட்டேன். ஆசையினால் இல்லை, வீம்பினால். வாளிகளைக் குளியலறைச் சுவரோரம் நிழலுக்கு இழுத்துப் போட்டேன். சாக்கை நனைத்து வாளியைச் சுற்றிக் கட்டினேன். சாணத்தைக் குறைத்தேன். சரசு தெரியாமல் செய்ததை நான் பல்லைக் கடித்துக்கொண்டு தெரிந்து செய்தேன். மழைக்காலமாக இருந்தது கொஞ்சம் உதவியது. செடி இந்தத் தடவை மெலிசாக, நோஞ்சானாக வந்தது. மேல்மலையில் அப்படி ஒரு செடியைப் பார்த்தால் என் அப்பா பிடுங்கி எறிந்திருப்பார்.

8

டிசம்பரில் மாலதி வந்தாள். உச்சிப் பின்னல், பவுடர், எல்லாம் இருந்தது. நான் காலி வாளியைப் பற்றிச் சொல்லவில்லை, அப்பா சொல்லியிருப்பார். அவள் சுவரோரம் போய்ப் புதுச் செடிகளை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தாள். எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவும் இல்லை. புத்தகத்தை வைத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடம் திறக்க நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

பக்கத்து வீட்டுக் கிழவரின் பேத்திக்கு நான்கு வயது. பெயர் எங்கள் வாயில் நுழையாததால் அமோய் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். வேலிக் கம்பியில் ஒரு ஓட்டை வழியாக வந்துவிடும். ஒரு நாள் மழை விட்ட சாயங்காலம் நான் மண் அணைத்துக்கொண்டிருந்தேன். அமோய் வந்து குந்திக்கொண்டு தானும் மண்ணை அள்ளியது. செடி ஒடிந்துவிடப் போகிறதே என்று அதன் கையைப் பிடித்து, இப்படிக் கூட்டு, இப்படி அழுத்து என்று காட்டினேன். அதற்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. அது ஆன்ட்டி ஆன்ட்டி என்று கத்திச் சிரித்தது. யாராவது என்னை ஏதாவது சொல்லிக் கூப்பிட்டால் எனக்குப் பிடிக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். அதன் கை மேல் என் கையை வைத்து இரண்டு வாளியையும் முடித்தோம்.

மாலதி எப்போது படியிலிருந்து எழுந்தாள் என்று தெரியவில்லை. வந்தவள் அமோயின் கையைத் தட்டிவிட்டாள். லேசாக இல்லை. அந்தச் சின்னது பின்னால் சாய்ந்து மழை ஈரத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தது.

“இது என் வாளி லா. எனக்குத்தான் சொல்லித் தர்றேன்னாங்க.”

இதை அமோயிடம் இங்கத்து ‘லா’ போட்டுத் தமிழில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் சிவந்து, மூக்கு விடைத்திருந்தது.

“அவளுக்கு ஏன் கையப் புடிச்சிச் சொல்லித் தர்றீங்க?”

நான் பதில் சொல்வதற்குள் ஒரு வாளியை, அவள் எடைக்கு அது அதிகம், ஈரச் சிமெண்டில் இழுத்துக்கொண்டே போய்க் குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். திரும்பி வந்து இன்னொன்றையும் இழுத்துப் போனாள். சாக்கு அவிழ்ந்து தரையெல்லாம் மண். செடி ஒன்று கழுத்தொடிந்து தொங்கியது.

அமோயைத் தூக்கிக்கொண்டு போய் அதன் வீட்டில் விட்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து, கிழவரிடம் விஷயத்தைக் கேள்விப்பட்டு, குளியலறைக் கதவைத் தட்டி மாலதியை வெளியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கே கோபம் வந்துவிட்டது. சின்னப் பிள்ளையை ஏன் தள்ளினாய், இப்படிச் சண்டை போடுகிற பிள்ளையாக இருந்தால் கெர்லிங்கிலேயே போய் இரு, இப்போதே சொல், போகிறாயா, இருக்கிறாயா என்று கேட்டார்.

நான் அடுப்பைப் பற்றவைக்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன்.

“நான் போக மாட்டேன்ப்பா. போனா அந்த அமோய் தெனம் வந்துருவா. இவங்க எல்லாத்தையும் அவளுக்குச் சொல்லிக் குடுத்துருவாங்க.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. தீக்குச்சி விரலைச் சுட்ட பிறகுதான் கையில் இருப்பது தெரிந்தது.

அந்த வாரமே அவர் கெர்லிங் போய்ச் சரசுவிடம் சொல்லிவிட்டு வந்தார். அவள் அழுதாளாம், அழுதுவிட்டு, பிள்ளை எங்கே இருந்தாலும் நன்றாக இருந்தால் சரி என்றாளாம். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எது அதிகம் என்று கேட்காதீர்கள்.

மாலதி இப்போது நாலாம் வகுப்புக்கு ரவாங்கிலேயே போகிறாள். இன்னும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. வாளிகள் குளியலறை வாசலில் இருக்கின்றன, யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. மிச்சமிருக்கிற செடிகளில் கிழங்கு விழுமா என்பது சந்தேகம்தான். அமோய் வேலி ஓட்டையில் தலையை நீட்டினால், புத்தகத்திலிருந்து நிமிராமலே மாலதி முறைப்பாள். இப்படி முறைக்கக்கூடாது, அது சின்னப் பிள்ளை, நல்ல பழக்கமில்லை என்று கண்டிக்க வேண்டியவள் நான். நாக்கு நுனி வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும். அவள் கண்ணும் நெற்றியும் தேவகி என்கிறார்கள், நடை சரசு என்கிறார்கள். இருக்கட்டும். தேவகிக்கு ஆயுளில் யார் மேலும் பொறாமை வந்ததில்லையாம், சரசுவுக்கு அது என்னவென்றே தெரியாது. அப்படியானால் இந்தக் குணம் இந்தப் பிள்ளைக்கு என்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.